கழுத்தளவுத் தண்ணியில் ஏழாவது கன்னி

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒண்ணைச் சொல்ல ஆரம்பிச்சா இன்னொண்ணு குறுக்கே வந்து நிற்கும். வருசமும் கிழமையும் மறந்து போகுது. இத்தனை வாரமும் பொறுத்துக்கிட்டுப் படிச்சீங்க, இந்த வாரமும் பொறுத்துக்கணும்.

என் கல்யாணத்தைப் பற்றி எழுதினப்போ நீளமாப் போச்சுன்னு ரெண்டு வாரமாப் பிரிச்சுப் போட்டாங்க. அதைப் பிரிச்சதில் ஒண்ணும் குறைஞ்சு போகலை. இதை மட்டும் பிரிக்க வேண்டாம்னு மருமகளை விட்டுப் பத்திரிகைக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கேன். இடம் பத்தலைன்னா முன்னாடி உள்ளதை வெட்டிக்கங்க. கடைசியை வெட்டாதீங்க. ஏன்னு படிக்கப் படிக்க உங்களுக்கே தெரியும்.

துப்பட்டா போட்ட கன்னிமார்

அன்னைக்குச் சாயங்காலம் விதைக்கடலை உடைச்சுக்கிட்டு இருந்தேன். முறத்தில் பருப்பு, பக்கத்தில் தொலி குமிஞ்சு கிடந்தது. கட்டை விரல் நகம் எரிஞ்சது. மருமகள் மலர்விழி வேலை முடிஞ்சு வந்து, கையைக்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அயித்தை, நம்ம கன்னிமார் கதையைப் போட்டுட்டேன். பாருங்க" என்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மலர் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. சாமிக்கதை, புராணக்கதை எல்லாத்தையும் இந்தக் காலத்தில் நடக்கிற மாதிரி மாத்தி, போனைப் பார்த்துப் பேசிப் படம் பிடித்துப் போடுவாள். காட்டுக்குப் போக வேண்டிய ராசா அவள் கதையில் திருச்சியில் வாடகைக்கு வீடு தேடி அலைவார். புருசன் சாபத்தில் கல்லாகப் போக வேண்டிய பொம்பளை, "நான் ஏன் ஆகணும்?" என்று திருப்பிக் கேட்பாள். சனங்க பார்க்கிறாங்க. துபாயில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் நல்லாருக்குன்னு எழுதுறாங்களாம்.

எனக்கு அதெல்லாம் பிடிக்கும். சொன்னதில்லை. நாலு பேருக்கு முன்னாடி வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அவள் அத்தனை பேரைப் பார்த்துப் பேசுறதே எனக்கு அதிசயம்தான்.

அன்னைக்கு அவள் எடுத்தது எங்க ஊர் கண்மாய்க் கதை. எங்க ஊர் ஆலங்குடிக்கு அங்கிட்டு இருக்கு. கண்மாய்க் கரையில் ஆறு கல்லு வரிசையா நிற்கும். தெரியாதவங்க வந்தா, "கன்னிமார் ஏழு பேரு, கல்லு ஆறுதானே இருக்கு" என்று கேட்பாங்க. ஏழாவது தண்ணிக்குள்ளே இருக்கு. கண்மாய் நல்லா வத்தினால்தான் அதோட தலை தெரியும்.

மலர் கதையில் ஏழு அக்கா தங்கச்சியும் மில்லுக்கு வேலைக்குப் போற பிள்ளைகள். மில் பஸ் வழியில் நின்னு போகுது. வெயில் தாங்காமல் கண்மாயில் இறங்குறாங்க. சின்னவள் அல்லிப்பூவைப் பறிக்கப் போய் ஆழத்தில் மாட்டிக்கிறாள். தண்ணி கழுத்துக்கு வந்திருச்சு. ஆறு பேரும் துப்பட்டாவை முடிஞ்சு கயிறாக்கி வீசுறாங்க.

"கன்னிமாருக்குத் துப்பட்டாவா?" என்று சிரிச்சேன்.

"பின்னே, மில் பிள்ளைக பட்டுச்சேலையா கட்டிட்டுப் போகும்?"

நல்லாத்தான் இருந்தது. ஆனால் கயிறு காற்றில் போய்க்கிட்டு இருக்கும்போதே மலர் நிறுத்திட்டாள். "கயிறு எட்டுச்சா? அவ கரையேறினாளா? அடுத்த வாரம் பாக்கலாம்" என்று போனுக்குள்ளே சிரிச்சாள். படம் நின்னு போச்சு.

"மிச்சம் எங்கே தாயி?"

"அடுத்த வாரம்தான். அப்பத்தான் திரும்ப வந்து பார்ப்பாங்க அயித்தை. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"அதுவரைக்கும் அவ எங்கே நிப்பா?"

"தண்ணியிலதான்" என்று சொல்லிட்டு மலர் எழுந்து காபி போடப் போனாள்.

நான் முறத்தைத் தள்ளி வச்சேன். அன்னைக்குக் காலையில்தான் என் மகன் சேகர் கடலுக்குப் போயிருந்தான்.

கடல் எங்களுக்குப் பழக்கம் இல்லை

சேகரைப் பற்றி முன்னாடி ஒரு வாரம் எழுதியிருக்கேன், படிக்காதவங்களுக்காக இன்னொரு தடவை சொல்றேன். தக்காமல் போன பிள்ளைகளுக்குப் பிறகு, இனிமேல் இல்லைன்னு விட்ட வயசில் பிறந்தவன். எனக்கு அவன் ஒருத்தன்தான். அவன் அப்பா போய்ச் சேர்ந்துட்டாக.

நாங்க தென்னையும் கடலையும் வச்சுப் பிழைச்சவங்க. ஒரு வருசம் பெரிய புயல் வந்து தென்னையைப் பூராப் படுக்கப் போட்டுட்டுப் போச்சு. புதுசா வச்ச கன்று காய்க்கிற வரைக்கும் என்ன செய்யிறது? சேகருக்கு ஜெகதாப்பட்டினத்தில் ஒரு கூட்டாளி இருக்கான். அவன் கூப்பிட்டு, இவன் விசைப்படகில் கூலிக்குப் போக ஆரம்பிச்சான். காலையில் போனால் மறுநாள் விடிய வந்துருவாங்க. கரைக்கு வந்ததும் போன் பண்ணுவான். "ஆத்தா, வந்துட்டேன்" என்பான். அந்த ஒரு சொல்லு வர்ற வரைக்கும் எனக்குத் தண்ணி இறங்காது.

காற்று, புயல்னு ஒரு பயம். கடலுக்கு அங்கிட்டு உள்ள நேவிக்காரங்க, எல்லை தாண்டிட்டாங்கன்னு பிடிச்சிட்டுப் போயிருவாங்கங்கிறது இன்னொரு பயம். வயல்காட்டு ஆளுக்கு இதெல்லாம் புதுசு. எங்க ஊரில் ஆழமான தண்ணின்னா அது கண்மாய்தான்.

கதையைப் பாதியில் விடக்கூடாது

இப்ப அந்தக் கதைக்குள்ள முறையைச் சொல்லணும்.

கண்மாய் நிறைஞ்சு, மிச்சத் தண்ணி கலிங்கில் வழியிற வருசம் மட்டும் ஊர்ப் பொம்பளைகள் கரையில் கூடிப் பொங்கல் வைப்போம். ஒருத்தி கதை சொல்வாள். கண்மாய்த் தண்ணியை ஒரு சொம்பில் மொண்டு எதிரே வச்சிருப்போம். ஆரம்பிச்சால் முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. முடிஞ்சதும் சொம்புத் தண்ணியைக் கண்மாயிலேயே திரும்ப ஊத்திட்டு வந்துருவோம். மலர் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பொண்ணு. அவள் கல்யாணமாகி வந்த பிறகு கண்மாய் ஒரு வருசமும் வழியலை. கதையை நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். முந்திரிக்கொட்டை உடைக்கும்போது ஒரே மூச்சில் சொன்னேன். அதனால் பாதியில் நின்னால் என்னங்கிற பேச்சே அப்ப வரலை.

பழைய கதை இதுதான். ஏழு கன்னிமாரும் மலையை விட்டுக் கடலைப் பார்க்கக் கிளம்பினாங்க. வழியில் எங்க கண்மாயில் குளிக்க இறங்கினாங்க. சின்னவள் ஆழத்துக்குப் போயிட்டாள். ஆறு பேரும் சேலையை முடிஞ்சு வீசினாங்க. ஒரு முழம் குறைஞ்சது. திரும்ப வீசினாங்க. அப்பவும் ஒரு முழம் குறைஞ்சது. கழுத்தளவுத் தண்ணியில் நின்னுக்கிட்டே சின்னவள், "நீங்க போங்க, நான் இங்கேயே இருந்துக்கிறேன். கண்மாயைப் பார்த்துக்கிறேன்" என்றாள். விட்டுட்டுப் போக மனசில்லாமல் ஆறு பேரும் கரையிலேயே கல்லாகிப் போனாங்க.

அவள் அந்தச் சொல்லைச் சொல்லிட்டால் கதை முடிஞ்சது. அவளுக்கும் மனசு ஆறிப் போகும். சொல்ல விடாமல் நடுவில் நிறுத்தினால், தனியா நிற்க முடியாமல் துணைக்கு ஆள் தேடுவாளாம். கதையை நிறுத்தின வீட்டில் யார் தண்ணி மேலே இருக்காங்களோ அவங்களைக் கூப்பிடுவாளாம்.

இதைத்தான் அன்னைக்கு ராத்திரிச் சோறு போடும்போது மலர்கிட்டே இழுத்து இழுத்துச் சொன்னேன். "இப்பவே முடிச்சிரு தாயி."

"அடுத்த வாரம் முடிச்சிருவேன் அயித்தை. அவுக நாளைக்கு விடிய வந்துருவாக. நீங்க சாப்பிடுங்க" என்றாள். சோறு என் தட்டில் அப்படியே இருந்தது.

சின்னாத்தா மாத்து நின்ன மத்தியானம்

நான் ஏன் இத்தனை பயந்தேங்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

நான் பாவாடை கட்டின வயசில் ஒரு தடவை கண்மாய் வழிஞ்சது. கதை சொல்லிக்கிட்டு இருந்த பெரிய மனுசி நடுவில் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சுட்டாங்க. அவங்களைத் தூக்கிட்டுப் போய்ப் புளிய மரத்து நிழலில் போட்டு விசிறினாங்க. கதை பாதியில் நிற்குது.

அந்த மாதிரி நின்னு போச்சுன்னா யாராவது ஒருத்தி சின்னக் கன்னிக்குப் பதிலாத் தண்ணியில் இறங்கி நிற்கணும். மாத்து நிற்கிறதும்பாங்க. கதை திரும்ப ஆரம்பிச்சு முடியிற வரைக்கும் நிற்கணும். நிற்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது. அன்னைக்கு எங்க ஆத்தாவோட தங்கச்சி, எனக்குச் சின்னாத்தா, இறங்கினாள். அவளுக்கு அப்பத்தான் கல்யாணம் பேசியிருந்தது. நல்ல தைரியசாலி. பாம்பை விளக்குமாத்தால் அடிக்கிறவள்.

வெயில் சாய்ஞ்ச பிறகுதான் அந்தப் பெரிய மனுசி தெளிஞ்சு எழுந்து கதையை முடிச்சாங்க. சின்னாத்தா கரையேறினப்போ உதடு கருத்து இருந்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடிச்சேன். ஐஸாக் கிடந்தது.

"சின்னாத்தா, முள்ளு குத்திருச்சா?"

அவள் என்னைக் குனிஞ்சு பார்த்துச் சொன்னாள். "இல்லடி. கணுக்காலை ஒரு கை பிடிச்சிருந்துச்சு. ஒன் கை அளவுதான் இருக்கும்."

அதுக்குப் பிறகு அவள் கண்மாயில் கால் வைக்கலை. சாகிற வரைக்கும் வீட்டுக் கொல்லையில் வாளித் தண்ணியில்தான் குளிச்சாள். அந்தப் பேச்சையும் திரும்ப எடுக்கலை. பாசியா இருக்கும், கொடியா இருக்கும்னு என்னை நானே எத்தனையோ தடவை சமாதானம் பண்ணிப் பார்த்திருக்கேன். கை அளவை ஏன் சொன்னாள்ங்கிறதுதான் போகமாட்டேங்குது.

போன் வரலை

மறுநாள் விடிஞ்சது. சேகர் போன் பண்ணலை.

பால்காரர் வந்து போனார். ஆலங்குடி பஸ் ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. மலர் வேலைக்குக் கிளம்பாமல் போனையே பார்த்துக்கிட்டு நின்னாள். அவளே ஜெகதாப்பட்டினத்துக் கூட்டாளி வீட்டுக்குப் போன் போட்டாள். அவன் பொண்டாட்டிதான் எடுத்தாள். நான் மலர் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"மத்த போட்டெல்லாம் வந்துருச்சாம் அயித்தை. இவுக போட்டு மட்டும் வரலையாம். நடுக்கடல்ல காத்து அடிச்சுச்சாம்."

"பிடிச்சிட்டுப் போயிட்டாங்களா?"

"தெரியலைங்கிறாங்க. யாரும் பார்க்கலையாம்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கருப்பாயி ஆட்டை அவிழ்த்துக்கிட்டு வந்தாள். எனக்குத் தங்கச்சி முறை. வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒண்ணும் கிடையாது. எங்க முகத்தைப் பார்க்காமலே ஆரம்பிச்சாள்.

"ஏக்கா, ஒம் மருமக கன்னிமாரைத் தண்ணியில விட்டுட்டு அடுத்த வாரம் வாரேன்னு சொல்லிட்டாளாமே. எம் பேத்தி காட்டினா. அவ என்ன டவுன் பஸ்ஸுக்கா நிக்கிறா?"

ஒருத்தரும் சிரிக்கலை. கருப்பாயி என்னைப் பார்த்தாள், மலரைப் பார்த்தாள்.

"சேகரு வந்துட்டானா?"

நான் இல்லைன்னு தலையை ஆட்டினேன். கருப்பாயி ஆட்டுக் கயிறைக் கையில் இருந்து விட்டுட்டாள். ஆடு பாட்டுக்கு எங்க முருங்கையை மேய்ஞ்சது.

மலர் போனைக் கீழே வச்சுட்டு உட்கார்ந்தாள். "நீங்க நேத்துச் சொன்னீங்களே அயித்தை. நான் சும்மா பழங்கதைன்னு நினைச்சுட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரலை. அவள் புருசன்தானே கடலில் இருக்கிறது. "எந்திரி தாயி. போனை எடுத்துக்க. கண்மாய்க்குப் போவோம்" என்றேன்.

முழங்காலுக்கு மேலே

கண்மாயில் அப்போ பாதிக்கு மேலே தண்ணி இருந்தது. ஆறு கல்லும் கரையில் வெயிலில் நின்னுது. காற்று இல்லை. ஒரு கொக்குகூட இல்லை. கருப்பாயி சொம்பில் தண்ணி மொண்டு மலருக்கு எதிரே வச்சாள்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு இறங்கினேன். என் வயசுக்குப் படி இல்லாத கண்மாயில் இறங்குறது லேசில்லை. சேறு விரலிடுக்கில் பிதுங்கிக்கிட்டு வந்தது. முழங்காலுக்கு மேலே வந்ததும் நின்னேன். மேலே தண்ணி வெதுவெதுன்னு இருந்தது. கணுக்கால்கிட்டே மட்டும் சில்லுன்னு இருந்தது. சின்னாத்தாவை நினைக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அவளைத்தான் நினைச்சேன்.

மலர் போனை எதிரே பிடிச்சாள். 

"அயித்தை, நான் வேற ஒரு முடிவு வச்சிருந்தேன். அவ கரையேறி வந்து, என்னை ஏன் விட்டுட்டுப் போகப் பார்த்தீகன்னு அக்காமாரைக் கேக்குற மாதிரி. அது வேணாம். பழைய முடிவையே சொல்லிடுறேன். எனக்குப் பயமா இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். நிற்கிறவள் பேசக் கூடாதே.

மலர் சொல்ல ஆரம்பிச்சாள். மில்லும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நான் சொன்ன மாதிரியே சொன்னாள். கயிறை வீசினாங்க, ஒரு முழம் குறைஞ்சது. திரும்ப வீசினாங்க, ஒரு முழம் குறைஞ்சது. சின்னவள் அக்காமாரைப் பார்த்தாள்.

நான் பாவாடை கட்டின நாளில் இருந்து இந்தக் கதையைக் கேட்கிறேன். நானே சொல்லியும் இருக்கேன். அவள் அடுத்து என்ன சொல்வாள்னு எனக்குத் தெரியும். நான் இங்கேயே இருந்துக்கிறேன்னு சொல்வாள். அதைக் கேட்டு ஒரு நாளும் எனக்கு ஒண்ணும் ஆனதில்லை. சாமி, அங்கே இருக்கு, கண்மாயைப் பார்த்துக்குது. அவ்வளவுதான் எங்களுக்கு.

அன்னைக்கு முழங்காலுக்கு மேலே தண்ணியில் நின்னுக்கிட்டுக் கேட்கும்போதுதான், அவளும் ஒருத்தி பெத்த பிள்ளைன்னு பட்டது. கதையைப் பாதியில் விட்டால் அவள் என் மகனைக் கூப்பிடுவாள். முறைப்படி முடிச்சால், தண்ணியிலேயே இருந்துக்கிறேங்கிற சொல்லை என் மருமகள் வாயால் நானே சொல்ல வைக்கிறேன். கடலில் இருக்கிற என் மகனுக்கும் அந்தச் சொல்லே பலிச்சிட்டால்?

மலர் வாயைத் திறந்தாள்.

"நிறுத்து" என்றேன்.

"ஏக்கா, நிக்கிறவ பேசக்கூடாதுக்கா" என்று கருப்பாயி கிசுகிசுத்தாள். 

"கயிறு எட்டிருச்சுன்னு சொல்லு தாயி."

"எப்படி அயித்தை எட்டும்? ஒரு முழம் குறையுதே."

"தண்ணிக்குள்ள ஒரு கெழவி நின்னா. அவ முந்தானையைக் குடுத்தா. முடிஞ்சாங்க, எட்டிருச்சு."

"கதையில கெழவி ஏது?"

"இப்ப நிக்கிறாள்ல. சொல்லு."

என் குரல் எனக்கே புதுசா இருந்தது. அத்தனை சத்தமா நான் பேசினது அந்தத் தடவைதான்.

மலர் சொன்னாள். நான் முந்தானையை உருவித் தண்ணி மேலே வீசினேன். கதைக்காக வீசினேனா, நெசமாவே வீசினேனான்னு இப்பக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பச்சைச் சேலை, மஞ்சள் கரை. தண்ணியில் விரிஞ்சு மிதந்தது. அப்புறம் நனைஞ்சு முங்கினது. முங்கின பிறகு கனத்தது.

நனைஞ்ச சேலை கனக்கத்தான் செய்யும். எல்லாருக்கும் தெரியும். நான் ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஒவ்வொரு எட்டா வச்சேன். திரும்பிப் பார்க்கலை. பார்த்தால் என்ன இருக்குமோங்கிற பயத்தில் கண்ணைக் கரையில் இருக்கிற ஆறு கல்லு மேலேயே வச்சிருந்தேன். அதுங்க என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"அவ கரையேறிட்டா" என்று மலர் சொல்றது கேட்டது. "ஏழு பேரும் தலை துவட்டிக்கிட்டு, பேசிக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க. கதை முடிஞ்சுருச்சு."

கையில் இருந்த கனம் சட்டுன்னு விட்டது. நான் கரையில் விழுந்தேன். முந்தானையை இழுத்துப் பார்த்தால் நுனியில் ஒரு முழம் கிழிஞ்சு போயிருந்தது. கண்மாய்க்குள்ளே கருவேல முள்ளு கிடக்கு. அதில் மாட்டியிருக்கும்.

கருப்பாயி சொம்பைக் கையில் வச்சுக்கிட்டு முழிச்சாள். "இப்பத் தண்ணியை ஊத்துறதா, வேண்டாமா? உள்ள இருக்கிறவளுக்குத்தானே ஊத்துவோம்."

எங்க மூணு பேருக்கும் தெரியலை. கடைசியில் அவள் பாதியை ஊத்தினாள், பாதியைச் சொம்பிலேயே வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அது என்ன முறைன்னு கேட்டால், "ரெண்டு பக்கமும் இருக்கட்டும்க்கா" என்றாள். மலர் அங்கேயே நின்னு, எடுத்த படத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டுட்டுத்தான் நடந்தாள்.

கயிறு

அன்னைக்குப் பூராவும் தகவல் இல்லை. மறுநாள் காலையில் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது. மலர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆத்தா, வந்துட்டேன்."

  அவனே சொன்னான். நடுக்கடலில் இஞ்சின் நின்னு போச்சாம். காற்றில் இழுத்துட்டுப் போயிருச்சாம். போன் நனைஞ்சு போச்சாம். வேறொரு ஊர்ப் போட்டு ஒண்ணு பார்த்துக் கிட்டே வந்திருக்கு. கட்டி இழுக்கக் கயிறு வீசியிருக்காங்க.

"ரெண்டு தடவை எட்டலை ஆத்தா. கொஞ்சத்துல தவறிப் போச்சு. அந்தப் போட்டும் எங்களை இடிச்சிருமோன்னு விலகப் பார்த்துச்சு. மூணாவது தடவை எப்படி எட்டுச்சுன்னு தெரியலை, அலை கொண்டாந்து கையில குடுத்த மாதிரி வந்து விழுந்துச்சு."

மலர் என்னைப் பார்த்தாள். "எத்தனை மணிக்கு..." என்று கேட்க வாயெடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடிச்சு அமுக்கினேன்.

"சாப்பிட்டீகளான்னு கேளு" என்றேன்.

இப்ப

மலரோட அந்தப் படத்துக்கு நிறையப் பேர் எழுதினாங்க. சாமிக்கதையை மாத்த நீ யாருன்னு திட்டினாங்க. கெழவி வர்ற இடம்தான் நல்லாருக்குன்னும் எழுதினாங்க. அறந்தாங்கிப் பக்கத்தில் இருந்து ஒரு பொம்பளை, எங்க ஊரில் அவள் கரையேறிட்டாள்னுதான் சொல்வோம்னு எழுதியிருந்தாள். அதை மலர் எனக்கு மூணு தடவை வாசிச்சுக் காட்டினாள். எனக்குத் தைரியம் வரட்டும்னுதான்.

வரலை. அவள் நெசமாவே கரையேறிப் போயிட்டால் கண்மாயை யார் பார்த்துக்கிறது? இந்தச் சித்திரையில் தண்ணி மடமடன்னு வத்துது. கருப்பாயி மறந்து போயோ என்னவோ, அந்தப் பாதிச் சொம்பை இன்னும் சாமி மாடத்தில்தான் வச்சிருக்காள். நான் கடைக்குப் போறதுன்னால்கூடக் கண்மாய்க் கரையில் போகாமல் முந்திரிக்காட்டு வழியாச் சுத்திக்கிட்டுத்தான் போறேன்.

இப்போ மீன்பிடித் தடைக்காலம். சேகர் வீட்டில் இருக்கான். நேத்துச் சாப்பிடும்போது சொல்றான்: "ஆத்தா, கண்மாயில தண்ணி முட்டிக்குக் கீழே வந்துருச்சு. ஊர் கூடி மீன் பிடிக்கிறதுக்குத் தண்டோரா போடப் போறாங்க. நானும் கச்சா வலையை எடுத்து வைக்கணும்."

தண்ணி அடங்கினால் எங்க ஊரில் எல்லாரும் ஒண்ணா இறங்கி மீன் பிடிப்பாங்க. வழக்கம்தான். அவன் இறங்குவான். அவனைப் போகாதேன்னு நான் எதைச் சொல்லி நிறுத்துவேன்? கடலுக்கே போறவன். மலர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டுச் சோற்றைப் பிசைஞ்சாள்.

எழுதினதில் தப்பு இருக்கும். மலையை விட்டுக் கிளம்பினாங்களா, மலையைத் தாண்டி வந்தாங்களா, கயிறு ரெண்டு தடவை குறைஞ்சதா, மூணு தடவையா, எல்லாம் எனக்குக் குழம்புது. எங்க பக்கத்தில் இந்தக் கதை தெரிஞ்சவங்க பார்த்துத் திருத்திச் சொல்லுங்க.

இன்னொண்ணும் யாராவது பார்த்துச் சொல்லணும். மீன் பிடிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துட்டால் நல்லது. மடைக்கு இடது கைப்பக்கம், கரையில் இருக்கிற ஆறு கல்லுக்கும் நேர் எதிரே, கண்மாய்க்கு நடுவில் ஏழாவது கல்லு இருக்கணும். தலை இப்போ வெளியில் தெரியும். அது அங்கே இருக்கா?

இருந்தால், அதில் பச்சைச் சேலைத் துணி ஏதாவது சுத்திக் கிடக்கான்னு பாருங்க. மஞ்சள் கரை, ஒரு முழம் இருக்கும். அவிழ்க்க வேண்டாம், தொடவும் வேண்டாம். பார்த்துட்டு வந்து சொன்னால் போதும். என்னால் போய்ப் பார்க்க முடியலை.